பார்த்த கடன்

திருக்குறளில் நன்றிக்கென்று தனி அதிகாரம் இருக்கிறது. பதினோராவது, செய்ந்நன்றி அறிதல். அதிலுள்ள பத்துக் குறளும் மனிதருக்கு மனிதர் செய்யும் உதவியைப் பற்றியவை. மழை அங்கே வரவில்லை. மழை இல்லாவிட்டால் கோயில் திருவிழாவும் இல்லை, பூசையும் இல்லை என்று இரண்டாவது அதிகாரத்திலேயே அடித்துச் சொன்ன வள்ளுவர், நன்றி என்ற பேச்சு வரும்போது அதை ஏன் விட்டார்? விடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார். இருபத்திரண்டாவது அதிகாரமான ஒப்புரவறிதலின் முதல் குறளில் மழை திரும்ப வருகிறது. மழை கைம்மாறு எதிர்பார்த்துப் பெய்வதில்லை, உலகம் அதற்கு என்ன செய்துவிட முடியும் என்று அந்தக் குறள் கேட்கிறது. கேட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் கும்பிடுங்கள் என்று முடிக்காமல், ஊருக்குப் பயன்பட வாழ்வது எப்படி என்ற பேச்சைத் தொடங்குகிறது. அடுத்தடுத்த குறள்களில் நீர் நிறைந்த ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், உறுப்பெல்லாம் மருந்தாகும் மரம் என்று வருபவையும் இயற்கையிலிருந்து எடுத்தவையே. இயற்கையிடம் பட்ட கடனை இயற்கையிடமே தீர்க்க வழியில்லை, அதை அக்கம்பக்கத்தில் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வரிசையில் நான் படிக்கும் பொருள்.

இதை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. விடியற்காலையில் ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் கேமராவோடு போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கேமரா இல்லாதவர் கையில் செல்போன் இருக்கிறது. வெளியே போய்ப் பார்க்கப் பார்க்க மனத்தில் நன்றி ஊறுகிறது என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அதை மெய்யான அனுபவம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது எழுப்பும் கேள்வி பழையது, எளிதில் விடை தராதது. அந்த நன்றி யாருக்கு? தோப்பு வழியே நடப்பவரின் காலடியில் ஒரு மாம்பழம் விழுந்தால் அவர் மகிழலாம். மரத்துக்கு நன்றிக்கடன் பட்டவர் ஆவாரா? மரம் அவரைப் பார்த்துப் போடவில்லையே. கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் கொடுத்தால்தான் அது உதவி, உதவிக்குத்தான் நன்றி என்பது தத்துவத்தில் நெடுநாளாக இருக்கும் வாதம். ரோமாபுரியின் ஸ்டோயிக் தத்துவவாதி செனகா, நன்மை செய்தலைப் பற்றி எழுதிய ஏழு பகுதி நூலின் ஆறாம் பகுதியில் இதே வாதத்தை ஒரு மறுப்பாளர் வாயில் வைக்கிறார். சூரியனும் சந்திரனும் தம் பாட்டில் ஓடுகின்றன, நம்மை நினைத்து ஓடவில்லை, பின் நாம் என்ன கடன்பட்டோம் என்று அந்த மறுப்பாளர் கேட்கிறார். தேவர்கள் நம்மையும் கருதித்தான் இவற்றை இயக்கினார்கள் என்பது செனகாவின் பதில். தெய்வத்தின் திட்டத்தை நம்புகிறவருக்கு இது போதும். நம்பாதவருக்கு இது பதிலே ஆகாது.

நம்புகிறவர்களின் வழி தெளிவானது, அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் சூரியன், சந்திரன், பேரீச்சை, தானியம், முத்து, கடலில் செல்லும் கப்பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், இறைவனின் அருட்கொடைகளில் எதை மறுப்பீர்கள் என்ற கேள்வியை 31 முறை எழுப்புகிறது. கிறிஸ்தவத் துறவி அசிசியின் பிரான்சிஸ் சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்துப் பாடிய பாட்டு 1225 வாக்கில் பிறந்தது. அப்போது அவருக்குக் கண்நோய் முற்றி, வெளிச்சம் பட்டாலே தாங்க முடியாத நிலை. பார்க்க முடியாத சூரியனுக்காக ஒருவர் நன்றி பாடியிருக்கிறார் என்பதை, இந்தக் கட்டுரையில் பார்வை என்ற சொல் வரும் இடமெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண் ஒரு வாசல். அது அடைபட்டாலும் அறிந்தது அறிந்ததுதான்.

படைத்தவன் என்று ஒருவனை ஏற்காத மரபு என்ன செய்யும்? இங்கேதான் புத்தகயை உதவிக்கு வருகிறது. ஞானம் பெற்ற பிறகு புத்தர் இரண்டாவது வாரம் முழுவதும் போதி மரத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பௌத்த மரபு சொல்கிறது. நிழல் தந்த மரத்துக்கு அவர் காட்டிய நன்றி அது. நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் அனிமேஷலோசனம் என்ற சிறு கோயில் இன்றும் மகாபோதி வளாகத்துக்குள் இருக்கிறது. அந்த அரச மரம் அவருக்கென்று நிழல் விரிக்கவில்லை என்பது புத்தருக்குத் தெரியாததா? தெரிந்தும் பார்த்தார். மாலை போடவில்லை, மந்திரம் சொல்லவில்லை, எதையும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பார்த்தது மட்டுமே நன்றியாக மதிக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தியை வரலாறாக எடுத்துக்கொண்டாலும் சரி, பின்வந்தோர் கட்டிய கதையாக எடுத்துக்கொண்டாலும் சரி, நன்றியைப் பற்றி அது சொல்வது ஒன்றேதான். நன்றியில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, கொடுத்தவரை நோக்கித் திரும்புவது. மற்றது, என்னிடம் இருப்பது என்னால் வந்ததல்ல என்று அறிவது. முதல் பாதிக்குக் கொடுப்பவர் வேண்டும். இரண்டாவது பாதிக்கு உண்மை மட்டும் போதும். மாம்பழம் விழுந்தவர் மரத்துக்குக் கடன்பட்டாரா என்பதை வாதிடலாம். அந்தப் பழத்தை அவர் உண்டாக்கவில்லை என்பதில் வாதமே இல்லை. இயற்கையிடம் நமக்கு எழும் நன்றி பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதி. ஆகவே அதை உணர்ச்சி என்பதைவிட அறிவு என்று சொல்வதே பொருந்தும்.

அறிவு என்றால் வீட்டிலிருந்தே அறியலாமே, எதற்கு வெளியே போக வேண்டும்? மழை பெய்யாவிட்டால் சோறு இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, அது மனத்தில் தைப்பது வேறு. தினமும் வருவது கண்ணுக்கு மறைந்துபோகும். நம் மனத்தின் அமைப்பே அப்படி. சமயங்கள் இதை நன்றாக அறிந்திருந்தன. அதனால்தான் நன்றிக்கு நாளும் இடமும் குறித்து வைத்தன. யூத மரபில், நிசான் மாதத்தில் வெளியே சென்று பழமரங்கள் பூத்திருப்பதைக் கண்டால் சொல்ல வேண்டிய துதி ஒன்று உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டுக்குள் அமர்ந்து அதைச் சொல்ல முடியாது. மரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். நம் ஆடிப்பெருக்கும் அப்படித்தான். ஆடி 18 அன்று புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று கட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காவிரிக் கரைக்குப் போகிறார்கள். பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளும் ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பிறகு கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வழிபாடு எங்கே முடிந்தது, உலா எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளிலும் கூட்டம் வந்திருக்கிறது; குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வறண்ட மணலைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது. அந்த ஆண்டுகளில் காவிரி எவ்வளவு பெரிய கொடை என்பது கரைக்குப் போனவர்களுக்குத் தெரிந்த அளவு வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பொங்கல் வரிசையும் இப்படியே: சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், அதன்பின் வெளியே போய் மனிதரையும் ஊரையும் காண ஒரு நாள். உலாவை நன்றியின் ஓர் அங்கமாக வைத்த மரபு நம்முடையது.

கேமரா இதில் எங்கே சேர்கிறது? பலமாக எழும் மறுப்பு இங்கேதான். பார்ப்பதற்குப் பதில் படம் எடுக்கிறோம், படம் எடுத்ததும் பார்த்த வேலை முடிந்தது என்று நகர்கிறோம் என்பார்கள். இது வெறும் முதியோர் புலம்பல் இல்லை. உளவியலாளர் லிண்டா ஹெங்கெல் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களை அழைத்துச் சென்று நடத்திய சோதனைகள் 2014இல் வெளிவந்தன. படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே மாணவர்களுக்கு அதிகமாக, நுணுக்கமாக நினைவில் இருந்தன. நினைவை இயந்திரத்திடம் ஒப்படைத்ததும் மனம் கையைக் கழுவிக்கொள்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுக்கச் சொன்னபோது அந்த நினைவிழப்பு நேரவில்லை. நெருக்கிய பகுதி மட்டுமல்ல, படத்துக்கு வெளியே விட்ட பகுதியும் நினைவில் நின்றது. 2016இல் ஆய்வாளர்கள் கிறிஸ்டின் டீல், கேல் சாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் மூவரும் ஒன்பது ஆய்வுகளை வெளியிட்டார்கள். பேருந்தில் ஊர் சுற்றிப் பார்ப்பது முதல் சாப்பிடுவது வரை பல அனுபவங்களில், படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதில் ஆழ்ந்தார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள் என்பது அவற்றின் முடிவு. அதே குழுவினர் சில ஆண்டுகள் கழித்துச் சொன்னது இன்னும் முக்கியம். தனக்கென்று வைத்துக்கொள்ளப் படம் எடுப்பவரைவிட, சமூக ஊடகத்தில் பகிர்வதற்கென்று எடுப்பவருக்கு அந்த மகிழ்ச்சி குறைகிறது. பிறர் என்னை எப்படி மதிப்பார்கள் என்ற கவலை இடையில் புகுந்துவிடுகிறது. கேமரா நல்லதா கெட்டதா என்ற கேள்வி இதனால் அடிபட்டுப் போகிறது. கவனம் எதன்மேல் நிற்கிறது என்பதே கேள்வி: எதிரில் இருப்பதன் மேலா, எடுப்பவரின் பெயர் மேலா?

புகைப்படத்துக்கு இன்னொரு தன்மை உண்டு. நன்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தொடாமல் போவது எனக்கு வியப்பு. ஓவியர் மனத்தில் இருப்பதை வரையலாம், கவிஞர் இல்லாததைப் பாடலாம். இயற்கையைப் படம் எடுப்பவர் அங்கே இருப்பதைத்தான் எடுக்க முடியும். பறவை வர வேண்டும், வெளிச்சம் வாய்க்க வேண்டும், காற்று அடங்க வேண்டும். இவற்றில் ஒன்றும் அவர் கையில் இல்லை. அவர் செய்வதெல்லாம் போய் நிற்பதும் காத்திருப்பதும் நேரம் வந்தால் தவறவிடாமல் இருப்பதுமே. திறமை எவ்வளவு இருந்தாலும் கிடைத்தால்தான் உண்டு என்ற நிலையில் தினமும் நிற்கும் கலை இது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் நாட்டுப்புறத்து உயிர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே அமைத்த கனத்த கேமராவோடு காடுகளில் யானையைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். ஆனால் அவர் எழுத்தில் நிறைந்திருப்பவை அணிலும் காக்கையும் தெருவோரத்து மரங்களும்தான். 46 ஆண்டுகள் எழுதுவதற்கு அரிய காட்சிகள் போதாது. வாசலுக்கு வெளியே இருப்பது போதும் என்று காட்டியவர் அவர். காடு போக வசதி உள்ளவருக்குத்தான் இதெல்லாம் என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்.

காத்திருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களில் எவரும் காணக்கூடிய பறவை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கும், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு. தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து நகர்பவருக்கு அது ஊனம்போலத் தெரியலாம். நின்று பார்ப்பவருக்கு மற்றது தெரியவரும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. நாரை சேற்றில் அலகைவிட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். ஓட்டை நொறுக்காது, கீழலகின் கூர் நுனியை வாய்க்குள் செலுத்திச் சதையை அறுத்து இழுக்கும். வெறும் ஓடு சேற்றில் கிடக்கும். நாற்றைத் தின்னும் நத்தையைத் தின்ற இந்த நாரை மாலையில் வேடந்தாங்கல் ஏரிக்குப் பறந்து, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரத்தில் அடையும். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் உரத்தோடு மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. வயலில் நெல், நெல்லில் நத்தை, நத்தைக்கு நாரை. இந்தச் சுழற்சியில் மனிதர் செய்தது ஏரியை வெட்டியதும் மதகைத் திறந்ததும் வயலில் உழைத்ததும்தான். மிச்சமெல்லாம் கேட்காமல் வந்தவை. இதை அறிந்தபின் தட்டில் விழும் சோறு வேறாகத் தெரிந்தால், அதைத்தான் நன்றி என்கிறேன்.

வேடந்தாங்கல் மக்கள் இதைப் பறவை ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும், 1798 வாக்கில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அந்த உரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல்தான் அரசு ஏரியைச் சரணாலயமாக ஏற்றது. உரத்துக்காகக் காத்தார்கள், இது நன்றியா சுயநலமா என்று கேட்கலாம். அப்படி இரண்டாகப் பிரிப்பதே தவறு என்பேன். தாய்க்கு நன்றியுள்ள பிள்ளையும் தாயால் பயன் அடைந்தவன்தான். பயன் பெற்றதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதில்தான் நன்றி தொடங்குகிறது. பயன் கிடைத்ததும் கொடுத்ததை மறந்துவிடுவதே சுயநலம். ஊரார் மறக்கவில்லை; தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்தார்கள். பயனே இல்லாமல் இயற்கையை ரசிப்பதுதான் தூய நன்றி என்ற எண்ணம், தண்ணீரும் சோறும் எங்கிருந்தோ வந்து சேரும் நகர வாழ்க்கையில் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. கொடுத்ததற்கு நன்றி என்றால் எடுத்ததற்கு என்ன? நாரையின் அலகை ரசிப்பவர், அந்த அலகில் அறுபடும் நத்தையைப் பற்றி என்ன சொல்வார்? இயற்கை நம்மேல் அன்புள்ளது என்று சொல்லும் நன்றி இந்தக் கேள்வியில் உடைந்து போகும். உடைய வேண்டியதுதான். ஆனால் வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாவது அதிகாரமான வான்சிறப்பிலேயே, பெய்யாமல் கெடுப்பதும் கெட்டவரைத் தூக்கிவிடுவதும் இரண்டும் மழைதான் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, நல்லதற்குத் துதி சொல்வதுபோலவே கெட்டதற்கும் துதி சொல்லக் கடமை உண்டு என்கிறது. அந்த அளவுக்கு என்னால் போக முடியவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் அதைச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் நன்றி கூட்டல் கழித்தல் கணக்கு அல்ல என்பதை ஏற்கிறேன். அறுபது ஆண்டு சோறு போட்ட கடல் ஒரு நாள் கொன்றது. கொன்றதனால் போட்ட சோறு பொய்யாகிவிடாது. போட்ட சோற்றினால் கொன்றதும் சரியாகிவிடாது. இரண்டையும் அறிந்தே மீனவர்கள் கடலுக்குத் திரும்பினார்கள். என்னால் வந்ததல்ல என்ற அறிவுக்கு இயற்கை நல்லதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது நம் கட்டுக்குள் இல்லை என்பதை வரமும் சொல்கிறது, அழிவும் சொல்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். நன்றி என்பது இல்லாதவனை அடங்கியிருக்கச் சொல்லும் உபதேசம், இருப்பதற்கு நன்றி சொல், கேட்காதே என்பதற்கு ஆன்மீகப் பெயர் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்கள் தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் திருப்தியாக இருந்தார்கள் என்று தெரியவந்தது. அதன்பின் நன்றிக் குறிப்பேடு உலகெங்கும் பரவியது. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தார். உணவு மேசைக்கு வரும்வரை உழைத்த விவசாயத் தொழிலாளியை மறந்துவிட்டு, தன் மனநிம்மதிக்காக மட்டும் நன்றி சொல்வது தன்னலம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நான் அவர் பக்கம். எது உரிமையோ அதற்கு நன்றி கேட்பது அநியாயம். கூலிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, ரேஷன் அரிசிக்கும் வேண்டியதில்லை. நன்றிக்குரியது யாரும் சம்பாதிக்காதது, யாருக்கும் தனிச் சொத்தாகாதது. மழையும் காற்றும் ஆறும் எல்லோருக்கும் பொதுவாக வந்தவை என்று அறிந்தவர், அவற்றை ஒருவர் வளைத்துப்போடும்போது எழுந்து கேட்பார். இயற்கையிடம் நன்றி உள்ளவர் அடங்கியிருப்பதற்குப் பதிலாக வழக்காட வேண்டியவராகிறார்.

பள்ளிக்கரணை இதைச் சோதித்துப் பார்க்கும் இடம். சென்னையின் தெற்கே மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலம்; உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. பூநாரைகள் வரும் காலத்தில் சாலையோரம் வரிசையாகக் கேமராக்கள் நிற்கும். அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. லென்ஸை ஓர் அங்குலம் திருப்பினால் படம் கெட்டுவிடும் என்று குப்பைக்கு முதுகைக் காட்டிப் படச்சட்டத்தை அமைப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். அழகைத் தேர்ந்தெடுப்பது பொய் அல்ல. ஆனால் அந்தப் படம் மட்டுமே மனத்தில் தங்கி, பூநாரை நின்ற தண்ணீர் நம் வீட்டுக் குப்பையின் கசிவையும் சேர்த்துத் தாங்குகிறது என்பது மறந்துபோனால், பார்த்தது பாதிதான். கொடையைக் கண்டவர் அதைக் கெடுப்பதையும் கண்டிருக்க வேண்டும். கூடு கட்டியிருக்கும் பறவையை நெருங்கி எடுப்பது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, இரை வைத்து இழுப்பது ஆகியவற்றைப் பறவை ஆர்வலர்கள் பலர் தவறென்று ஒதுக்குவதும் இதனால்தான். கிடைத்தால் எடுப்பது என்ற நிலை மாறி, எப்படியாவது வாங்கிவிடுவது என்று ஆகும்போது நன்றிக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் கைம்மாறு எப்படி? வள்ளுவர் காட்டிய திசையில் பக்கத்துக்குத் திரும்பினால் வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். இப்படி நாடெங்கும் பார்த்தவர்கள் பதிந்த குறிப்புகளிலிருந்துதான் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை உருவானது. 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களுக்கு அவசரப் பாதுகாப்பு தேவை என்றது. இது அறிவியல் ஆயிற்றே, பக்தி எங்கே என்று கேட்பவருக்கு, புத்தர் இமைக்காமல் பார்த்ததும் பார்வைதான் என்பேன். நெல் தந்த சூரியனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, நெல்லைக் காத்த நாரை எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பது அந்தத் திருநாளுக்கு வெளியே உள்ள செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. அங்கே கூடு வைக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று, பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு ஊரே வெடி வெடிப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தீபாவளி அன்று வெடி இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்ததால் தங்கிய நாரையைத்தான் வெளியூரிலிருந்து வருபவர் படம் எடுக்கிறார். பறவைக்கு நன்றி சொல்ல வழியில்லை என்று தத்துவம் பேசலாம். இந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல வழி இருக்கிறது. கொடுப்பவர் வேண்டும், கொடுக்கும் எண்ணம் வேண்டும் என்ற பழைய வாதம் கேட்ட இரண்டும் இங்கே இருக்கின்றன. படம் எடுத்தவர் அந்த ஊர்ப் பள்ளிக்குத் தன் படங்களைச் சட்டமிட்டுக் கொடுக்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தன் பைனாகுலரில் ஒரு காலைப் பொழுது காட்டலாம். கண்மாயில் தண்ணீர் குறைந்த ஆண்டில் ஊரார் எழுதும் மனுவோடு தேதியிட்ட படங்களை இணைத்துத் தரலாம். படத்தின் கீழே லென்ஸ், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் எழுதுகிறவர்கள் கொள்ளுக்குடிப்பட்டி என்ற பெயரையும், அங்கே வெடி வெடிப்பதில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம்.